நானூறு கஜமும் நாலு காலிபரும்

நீண்ட தூர வேட்டைக்கு எந்தக் காலிபர் நல்லது? அமெரிக்க மலை மாநிலங்களில் இது ரஜினியா கமலா மாதிரியான கேள்வி. கேட்டவர் ஒரு வரியில் பதில் வரும் என்று நினைத்திருப்பார். வந்து சேர்வதோ நாலு கோஷ்டி, அவரவர் கையில் ஒரு தோட்டா, கூடவே தாத்தா காலத்துக் கதை ஒன்று. கடைசியில் கேட்டவர் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். பெரிசாக இருந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அவருக்குத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. கடையில் தோட்டா பெரிசாகத்தான் தெரியும், தூரம் தெரியாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சண்டையில் பாதி வெட்டிச் சண்டை. காலிபரை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அது எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்பது தலைகீழ் வேலை. எவ்வளவு தூரத்தில் நம்மால் தவறாமல் அடிக்க முடியும் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு காலிபர் கேள்வி தானாகச் சின்னதாகிவிடும்.

"நீ எப்போ வேட்டைக்குப் போனே?" என்று வகுப்புத் தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது. போனதில்லை. கொலராடோவில் படிக்கிறேன், அவ்வளவுதான். இங்கே மாணவர் விசாவில் வந்தவன் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கவே வேட்டை உரிமம் மாதிரி ஒரு விதிவிலக்கு வேண்டும் என்பது மத்தியச் சட்டம். அடியேன் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் அக்டோபர் வந்தால் பாதி ஊர் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு மலையேறிவிடுகிறது (இப்போது பளீர் பிங்க் நிறமும் போடலாம் என்று சட்டத்திலேயே இடம் உண்டு). லேபில் காபி குடிக்கும் நேரமெல்லாம் இதே பேச்சு. என் கையில் துப்பாக்கி இல்லை, எக்செல் இருக்கிறது. குண்டு பறப்பது கடைசியில் பௌதிகம்தானே?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். காலிபர் என்பது குழலின் உள்விட்டம், அல்லது அதில் போகும் குண்டின் விட்டம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, மருந்து, பிரைமர், குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருள். .308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட், .300 வின்செஸ்டர் மேக்னம் மூன்றும் வேறு வேறு தோட்டாக்கள். ஆனால் மூன்றிலும் உட்கார்ந்திருப்பது ஒரே 0.308 அங்குலக் குண்டுதான். பின்னால் இருக்கும் மருந்தின் அளவுதான் வித்தியாசம். .270 என்று பெயர் வைத்ததில் போகும் குண்டு 0.277 அங்குலம். 6.5 கிரீட்மோரில் 0.264. பெயர் வைத்தவர்கள் கணக்குக்காக வைக்கவில்லை, காதுக்கு நன்றாக இருக்கிறது என்று வைத்திருக்கிறார்கள். .30-06-இல் வரும் 06 என்பது 1906-ஆம் வருடம். ஆகவே "எந்தக் காலிபர்?" என்று கேட்பவர் உண்மையில் கேட்பது "எந்தத் தோட்டா?" என்பதை. ஊர் வழக்கப்படி நானும் இரண்டையும் கலந்துதான் சொல்லப் போகிறேன், கண்டுகொள்ளாதீர்கள்.

போட்டியாளர்களில் நாலு பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூத்தவர் .30-06, வயது நூற்றுக்கும் மேல், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்து 1962-இல் ரெமிங்டன் 700 துப்பாக்கியோடு வந்த 7 எம்.எம். ரெமிங்டன் மேக்னம். அதற்கு மறு வருடம், 1963-இல், .300 வின்செஸ்டர் மேக்னம். கடைக்குட்டி 6.5 கிரீட்மோர், 2007-இல் ஹார்னடி நிறுவனம் அறிமுகப்படுத்தியது. காகிதத்தில் ஓட்டை போடும் போட்டிகளுக்காகப் பிறந்த பிள்ளை, பிறகு வேட்டைக்கும் வந்துவிட்டது. (இதற்குப் பிறகும் 6.5 பி.ஆர்.சி., 6.8 வெஸ்டர்ன், 7 எம்.எம். பி.ஆர்.சி. என்று வருடத்துக்கு ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. செல்போன் மாதிரி.)

வேட்டையாடப்படும் விலங்கு எல்க். நம்ம ஊர்க் கடமானுக்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். நுரையீரலும் இதயமும் சேர்ந்த இடம் ஏறக்குறைய 15 அங்குல வட்டம், அதாவது ஒரு நடுத்தரத் தாம்பாளம். அதற்குள் குண்டு போனால் விலங்கு சில விநாடிகளில் விழுந்துவிடும். அதற்குப் பின்னால் ஓர் அடி தள்ளிப் போனால் குடல். குடலில் பட்ட விலங்கு உடனே சாகாது. மணிக்கணக்கில் நடக்கும், எங்கேயோ புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டு சாகும். இந்த ஓர் அடிதான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

இனி கணக்கு. நாலு தோட்டாவுக்கும் இன்று கடையில் கிடைக்கும், காற்றை நன்றாகக் கிழித்துக்கொண்டு போகும் நீள மூக்குக் குண்டுகளையே எடுத்துக்கொண்டேன். குண்டின் எடையை இங்கே கிரெயினில் சொல்வார்கள், 7000 கிரெயின் ஒரு பவுண்டு. .30-06-க்கு 178 கிரெயின், விநாடிக்கு 2750 அடி வேகம். 6.5-க்கு 143 கிரெயின், 2700 அடி. 7 எம்.எம். மேக்னத்துக்கு 162 கிரெயின், 2940 அடி. .300 மேக்னத்துக்கு 200 கிரெயின், 2850 அடி. கடல் மட்டக் காற்று. மலைமேல் காற்று மெலிசு என்பதால் எல்லாமே கொஞ்சம் நன்றாக வரும், ஆனால் வரிசை பெரிதாக மாறாது. தூரம் 500 கஜம். சென்னைக்காரர்களுக்குச் சொன்னால், அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

குண்டு அந்தத் தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரம்: .30-06-க்கும் 6.5-க்கும் சுமார் 0.64 விநாடி, .300-க்கு 0.61, 7 எம்.எம்.முக்கு 0.59. நன்றாகப் பாருங்கள். மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்களே, அவர்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் விநாடியில் நூற்றில் ஐந்து பங்கு. கண் இமைக்க இதைவிட அதிக நேரம் ஆகும்.

அடுத்தது காற்று. பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் வேகத்தில் காற்று அடித்தால் 500 கஜத்தில் குண்டு எவ்வளவு தள்ளிப்போகும்? .30-06 சுமார் 16 அங்குலம், 6.5 கிரீட்மோர் 15, .300 மேக்னம் 14, 7 எம்.எம். 13. நான் அழகுக்காக இப்படி வரிசையாக எழுதவில்லை, கணக்கே அப்படித்தான் வந்தது. 1906-ஆம் வருடத்துத் தோட்டாவுக்கும் மேக்னம் மகாராஜாக்களுக்கும் இடையே இரண்டு மூன்று அங்குலம்.

இப்போது மனிதனை உள்ளே கொண்டு வருவோம். மலைச்சரிவில் படுத்துக்கொண்டு, எதிர்ச்சரிவில் நிற்கும் எல்க்கைப் பார்க்கிறீர்கள். நடுவில் பள்ளத்தாக்கு. உங்கள் கன்னத்தில் படும் காற்று ஒன்று, பள்ளத்தின் நடுவில் மேலேறும் காற்று வேறு, எல்க் பக்கத்தில் புல்லை ஆட்டும் காற்று இன்னொன்று. தூரத்தை லேசர் கருவி சொல்லிவிடும். குண்டு எவ்வளவு கீழே இறங்கும் என்பதைப் போனில் இருக்கும் மென்பொருள் சொல்லிவிடும். அந்த இரண்டும் தீர்ந்த பிரச்சினைகள். காற்றை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்களாக ஊகிக்க வேண்டும். 10 மைல் என்று ஊகித்தீர்கள், உண்மையில் 6 மைல்தான் என்று வைத்துக்கொள்வோம். 500 கஜத்தில் .30-06 ஆறரை அங்குலம் தவறிப் போகும். 6.5 ஆறு அங்குலம். .300 ஐந்தே முக்கால். அதே தப்பை 800 கஜத்தில் செய்தால் 6.5-இல் கிட்டத்தட்ட 17 அங்குலம், .300-இல் 16. தாம்பாளத்தின் நடுவில் குறி வைத்தால் விளிம்புக்கு ஏழரை அங்குலம்தான் இருக்கிறது. 500-இல் இருவருமே மயிரிழையில் தப்பித்தார்கள். 800-இல் இருவருமே குடலில் அடித்துவிட்டார்கள், அல்லது காற்றை அடித்துவிட்டார்கள். காலிபர் யாரையும் காப்பாற்றவில்லை.

இதற்கு மேல் எல்க் ஒன்று இருக்கிறது. அதற்கும் கால் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேய்ந்துகொண்டே சாதாரண நடையில், மணிக்கு 3 மைல் வேகத்தில் அது நகர ஆரம்பித்தால், விநாடிக்கு நாலரை அடி. 0.64 விநாடியில் 2.8 அடி, 0.61 விநாடியில் 2.7 அடி. விசையை இழுத்த கணத்தில் அது ஒரு எட்டு எடுத்து வைத்தால், சுவாசப்பையில் வைத்த குறி குடலில் போய் முடியும். துப்பாக்கியில் தப்பு இல்லை, சுட்டவன் கையிலும் தப்பு இல்லை. குண்டு ஒலியை முந்திக்கொண்டு போவதால் அது சத்தம் கேட்டு நகர்ந்ததும் இல்லை. 500 கஜத்துக்குச் சத்தம் போய்ச் சேர ஒன்றே கால் விநாடிக்கு மேல் ஆகும். பக்கத்தில் பச்சையாக ஏதோ தெரிந்திருக்கும், நகர்ந்திருக்கும். அவ்வளவுதான். 800 கஜத்தில் 6.5-க்கு 1.13 விநாடி, .300-க்கு 1.07. ஒரு முழு விநாடிக்கு மேல் அந்த விலங்கு சிலை மாதிரி நிற்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? இந்தக் குறையைத் தீர்க்கும் தோட்டாவை இதுவரை யாரும் செய்யவில்லை, செய்யவும் முடியாது.

சரி, பெரிய தோட்டாக் கட்சிக்காரர்களிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசினால் நான் ஜல்லி அடிப்பதாக ஆகிவிடும். அது சக்தி. 500 கஜத்தில் 6.5-இன் குண்டில் மிஞ்சியிருப்பது சுமார் 1300 அடி-பவுண்டு. .30-06-இல் 1600, 7 எம்.எம்.மில் 1800, .300-இல் 2000-க்குச் சற்று மேல். மானுக்கு 1000, எல்க்குக்கு 1500 என்று வேட்டைக்காரர்களிடையே ஒரு வாய்ப்பாடு உண்டு. அறிவியல் விதி இல்லை, அனுபவக் கணக்கு. அதன்படி 6.5 கிரீட்மோர் எல்க்குக்கு 400 கஜத்திலேயே வாய்ப்பாட்டின் வாசலுக்கு வந்துவிடுகிறது. விலங்கு குறுக்காக நிற்காமல் சாய்வாக நின்றால், தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போக எடை வேண்டும். அங்கே 200 கிரெயின் குண்டு நிச்சயம் உதவும். இதை நான் மறுக்கவில்லை.

நான் மறுப்பது அடுத்த வரியை. "பெரிய தோட்டா என்றால் கொஞ்சம் தவறிப் பட்டாலும் போதும்" என்கிறார்களே, அதை. குடலில் பட்ட 2000 அடி-பவுண்டும் குடலில் பட்டதுதான். லேபில் கூட வேலை பார்க்கும் உள்ளூர்க்காரன் ஒருவன் சொன்ன கதை: அவனுடைய கூட்டத்தில் ஒருவர் 700 கஜத்துக்கு அப்பால் நின்ற பெண் எல்க்கை .300 மேக்னத்தால் சுட்டார். பட்டது தெரிந்தது. அது மரங்களுக்குள் போய்விட்டது. எதிர்ச்சரிவுக்கு இறங்கி ஏறிப் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம். நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு மணி நேரம், ஏனென்றால் இங்கிருந்து பார்த்த மரம் அங்கே போனால் வேறு மரமாகத் தெரிகிறது. கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் பச்சையாக ஏதோ. இருட்டிவிட்டது. மறுநாள் ஐந்து பேர் பகல் முழுக்கத் தேடினார்கள். மூன்றாம் நாள் பனி விழுந்தது. கதை அவ்வளவுதான். அடிபட்ட விலங்கைத் தேட நியாயமான முயற்சி எடுக்க வேண்டும், உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்கக் கூடாது என்று கொலராடோவில் சட்டம் இருக்கிறது. அவர்கள் சட்டத்தை மீறவில்லை, தேடினார்கள். 200 கஜத்தில் சுட்டிருந்தால் நின்ற இடம் தெரிந்திருக்கும், பத்து நிமிடத்தில் போயிருக்கலாம், இரண்டாவது குண்டுக்கும் நேரம் இருந்திருக்கும். தூரம் குறியை மட்டும் கெடுப்பதில்லை, தவறியதைத் திருத்தும் வாய்ப்பையும் சேர்த்தே கொண்டுபோய்விடுகிறது.

அடுத்து உதை. தமிழில் இதற்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடையாது. எட்டுப் பவுண்டு துப்பாக்கியில் .300 மேக்னத்தின் பின்னுதை 6.5 கிரீட்மோரைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 7 எம்.எம். மேக்னத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அடி வாங்கிய தோள் அடுத்த முறை விசையைத் தொடும்போதே ஞாபகப்படுத்தும். கண் தானாக மூடும், தோள் தானாகப் பின்வாங்கும், விசை இழுபடுவதற்குப் பதிலாகப் பிடுங்கப்படும். ஊசி போடும் முன்னாலேயே கையை இழுத்துக்கொள்ளும் குழந்தை மாதிரி. இதில் வீரம், கோழைத்தனம் எல்லாம் இல்லை, உடம்பு கற்றுக்கொண்ட பாடம் அது. பெரிய தோட்டா வாங்கியவர்களில் பலர் அதை அதிகம் சுடுவதில்லை என்பதுதான் இதன் இன்னொரு பக்கம். தோள் வலிக்கும், தோட்டா விலையும் கடிக்கும். வருடத்துக்கு ஒரு பெட்டி, இருபது தோட்டா. அதிலும் பாதி ஸ்கோப் சரிபார்க்கவே போய்விடும். வருடத்துக்கு இருபது தடவை சுடுகிறவர் 600 கஜத்தைப் பற்றிப் பேசுவது, வருடத்துக்கு ஒருமுறை கோலி ஆடுகிறவன் இங்கிருந்தே அந்தக் குழியை அடிப்பேன் என்று சவால் விடுவது மாதிரி.

அப்படியானால் புதிய தோட்டாக்கள் எல்லாம் வெறும் வியாபாரமா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. குண்டு காற்றைக் கிழிக்க வேண்டுமானால் ஒல்லியாக, நீளமாக இருக்க வேண்டும். நீளமான குண்டு தலைகுப்புற விழாமல் போக வேகமாகச் சுழல வேண்டும், பம்பரம் மாதிரி. குழலுக்குள் இருக்கும் சுருள் வரிகள்தான் அந்தச் சுழற்சியைக் கொடுக்கின்றன. 1925-இல் வந்த .270 வின்செஸ்டருக்கு வழக்கமாக 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அன்றைய குண்டுக்கு அது போதும், இன்றைய நீளக் குண்டுக்குப் போதாது. 6.5 கிரீட்மோருக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 2021-இல் வந்த 6.8 வெஸ்டர்ன் அதே .270-இன் 0.277 அங்குலக் குண்டை இன்னும் கனமாக, நீளமாக எடுத்துக்கொண்டு வேகச் சுருளோடு வந்தது. இது உண்மையான பொறியியல் முன்னேற்றம். சின்னத் தோட்டாவில் குறைந்த உதையோடு பெரிய தோட்டாவின் பறத்தல் கிடைக்கிறது என்பதுதான் 6.5-இன் வெற்றி ரகசியம். என்னைக் கேட்டால் இந்த முன்னேற்றத்தின் பலனை உதை குறைவதில் எடுத்துக்கொள்ள வேண்டும். வியாபாரிகளோ அதைத் தூரமாக மாற்றி விற்கிறார்கள்.

இன்னொரு எண்ணும் பார்த்துவிடலாம். வேட்டைக் குண்டு உள்ளே போனதும் காளான் மாதிரி விரிய வேண்டும், அப்போதுதான் வேலை செய்யும். அதற்கு ஒரு குறைந்தபட்ச வேகம் தேவை. குண்டுக்குக் குண்டு மாறும், பொதுவாக விநாடிக்கு 1800 அடி என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை. 6.5 கிரீட்மோர் அந்த வேகத்துக்கு இறங்குவது 690 கஜம் பக்கத்தில், .300 மேக்னம் 780 கஜம் பக்கத்தில். இரண்டரை மடங்கு உதை வாங்கிக்கொண்டு இந்தக் கணக்கில் சம்பாதித்தது தொண்ணூறு கஜம். அதுவும், மேலே சொன்ன காற்றையும் எட்டையும் வைத்துப் பார்த்தால், யாருமே சுடக் கூடாத தூரத்தில்.

சின்னக் காலிபர் என்றவுடன் ஜிம் கார்பெட்டையும் பெல்லையும் இழுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. கார்பெட்டின் .275 ரிக்பி, 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. .275 ரிக்பி என்பது 7x57 மவுசர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். டபிள்யூ.டி.எம். பெல் ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளை இதே தோட்டாவால் கொன்றார் (பெருமைப்பட ஒன்றுமில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்). இதைக் காட்டி "பார், சின்னதே போதும்" என்பது அரைகுறை வாதம். பெல் மிக அருகில் போய், யானையின் மண்டையோட்டு அமைப்பை அறுத்துப் பார்த்துப் படித்துவிட்டு, மூளைக்குக் குறி வைத்தவர். நம்ம சேலம், தர்மபுரிக் காடுகளில் சுற்றிய கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்ததோ .405 வின்செஸ்டர், நீண்ட தூரத்துக்கு லாயக்கே இல்லாத தடித்த தோட்டா. அவருக்கும் அது போதுமானதாக இருந்தது. ஒருவர் சின்னது, ஒருவர் பெரிசு. இரண்டு பேருக்கும் பொதுவான விஷயம், இருவருமே பக்கத்தில் போய்ச் சுட்டார்கள் என்பதுதான். (1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம்ம ஊரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நல்லதுதான்.)

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? மேலே சொன்ன லேப் நண்பனுக்கே இந்தக் கேள்வி வந்தது. அவனிடம் அப்பாவின் .30-06 இருக்கிறது. புதிதாக 7 எம்.எம். பி.ஆர்.சி. வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். "முதலில் இதை வைத்து ஒரு சோதனை பண்ணிப் பார், பிறகு வாங்கு" என்றேன். சோதனை சுலபம். மேசை கிடையாது, மணல் மூட்டை கிடையாது. முதுகுப்பையைத் தரையில் போட்டு அதன்மேல் துப்பாக்கி. எட்டு அங்குலக் காகிதத் தட்டு. நூறு கஜம் ஓடிவிட்டு வந்து, மூச்சு வாங்கும்போது, ஒரே ஒரு குண்டு. சூடாகாத குழலில் இருந்து போகும் அந்த முதல் குண்டுதான் கணக்கு. இப்படி வேறு வேறு நாளில், வேறு வேறு காற்றில், ஐந்து தடவை. ஐந்தும் தட்டில் பட்டால் அந்தத் தூரம் உங்களுடையது. நாலு பட்டால் உங்களுடையது இல்லை. எல்க்கின் தாம்பாளம் 15 அங்குலமாக இருக்கும்போது தட்டு ஏன் எட்டு அங்குலம் என்று அவன் கேட்டான். மிச்சம் எல்க்குக்கும் காற்றுக்கும் என்றேன்.

மேசைமேல் வைத்துச் சுட்டால் நூறு கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் மூன்று குண்டைக் கூட்டுகிறவன் அவன். தரையில், மூச்சிரைப்போடு, அதுவே மூன்று அங்குலமாகிவிட்டது. மூன்று அங்குலம் என்றால் 500 கஜத்தில் 15. அதாவது காற்றே அடிக்காத நாளில், அசையாத எல்க்கில், தாம்பாளம் முழுவதும் அவனுடைய நடுக்கத்துக்கே சரியாகப் போய்விடும். 300 கஜத்தில் ஐந்துக்கு நாலு தட்டில் பட்டது, 250-இல் ஐந்தும். ஆக அவனுடைய தூரம் 250. அந்தத் தூரத்தில் அப்பாவின் .30-06, 7 எம்.எம். பி.ஆர்.சி., .308 எல்லாமே எல்க்கைப் பொறுத்தவரை ஒன்றுதான். துப்பாக்கிக்கு ஒதுக்கிய காசில் தோட்டாப் பெட்டிகளாக வாங்கி, கோடை முழுக்கப் பழகுவதாக முடிவு செய்திருக்கிறான். 350 வரைக்கும் போவான் என்று நினைக்கிறேன்.

கையில் எதுவுமே இல்லாமல் புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் ஓட்டு இப்படி. மான் மட்டும்தான், எப்போதாவது எல்க் என்றால் 6.5 கிரீட்மோர். எல்க்குக்கு 350 கஜத்தைத் தாண்ட மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக்கொள்ளுங்கள். எல்க்தான் முக்கியம், வாரம் ஒருமுறை பழக நேரமும் இடமும் இருக்கிறது என்றால் 7 எம்.எம். குடும்பத்தில் ஒன்று. காற்றில் குறைவாக நகர்வது அதுதான், எடையும் போதும், உதையும் .300 அளவுக்கு இல்லை. .300 மேக்னம் மோசம் என்று சொல்லவில்லை. அதைக் கண் மூடாமல் சுடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் யாரும் எந்தக் காலிபர் என்று கேட்டுக்கொண்டு திரிவதில்லை. சட்டம் கேட்பது இதையெல்லாம்விட மிகக் குறைவு. கொலராடோவில் மானுக்கும் எல்க்குக்கும் குறைந்தது 0.24 அங்குலக் காலிபர், 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு, எல்க் என்றால் 85 கிரெயினுக்குக் குறையாத விரியும் குண்டு. குறைந்தபட்சம் எவ்வளவு என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அதிகபட்சத் தூரம் எவ்வளவு என்று எங்கும் எழுதவில்லை, அதை அவரவர்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆயிரம் கஜத்தில் எல்க் அடிக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆயிரம் கஜத்தில் இரும்புத் தகட்டை அடிப்பது அருமையான விளையாட்டு. பௌதிகம், பொறுமை, கை நிதானம் எல்லாம் கூடி வர வேண்டும். எனக்கு அதன்மேல் மரியாதைதான். தகடு நடக்காது. தகட்டின் விளிம்பில் பட்டால் ஒரு 'டிங்', அவ்வளவோடு போயிற்று. தியோடர் ரூஸ்வெல்ட் முதலானவர்கள் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் என்று ஒன்று இருக்கிறது. வேட்டைக்காரர்களின் சங்கம்தான், வேட்டைக்கு எதிரானவர்கள் இல்லை. விலங்குக்கு நம்மை உணர்ந்து தப்பிக்க ஒரு வாய்ப்பே இல்லாத தூரத்தில் இருந்து சுடுவதை வேட்டை என்று சொல்ல முடியுமா என்று அவர்களே கேட்கிறார்கள். எத்தனை கஜம் என்று அவர்களும் எண் போடவில்லை.

வேறு தோட்டா வைத்திருப்பவர்கள் குண்டின் எடை, கிளம்பும் வேகம், பெட்டியில் போட்டிருக்கும் பி.சி. எண் (காற்றைக் கிழிக்கும் திறனுக்கான எண் அது) மூன்றையும் சொல்லுங்கள், பறக்கும் நேரத்தையும் காற்றுத் தள்ளலையும் கணக்குப் போட்டுத் தருகிறேன். கூடவே தட்டுச் சோதனையில் ஐந்துக்கு எத்தனை பட்டது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அது இல்லாமல் எக்செலைத் திறப்பதாக இல்லை :-)